மணிக்கட்டு நிலவரம்

கடலூர் மாவட்டத்தில் மணிக்கட்டில் கயிறு கட்டாத ஆண்கள் மொத்தம் ஒருவர். அந்த ஒருவர் நான்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. முறையாகக் கணக்கெடுத்துவிட்டுத்தான் சொல்கிறேன். போன டிசம்பரில் கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள், சிதம்பரம் கீழவீதியில் ஒரு நாள், திட்டக்குடியில் நண்பனின் அக்கா கல்யாணப் பந்தியில் ஒரு மணி நேரம் என்று நானூற்றுப் பன்னிரண்டு மணிக்கட்டுகளைப் பார்வையிட்டேன். பரங்கிப்பேட்டைக்கு மட்டும் போகவில்லை. அங்கே பாய்மார்கள் நிறைய. போனால் என் முடிவு கெட்டுவிடும் என்று ஒரு ஆய்வாளனாக எனக்குத் தெரிந்திருந்தது.

கறுப்புக் கயிறு கண் பட்டவர்களுக்கு. சிவப்பு, கோயிலுக்குப் போய்வந்தவர்களுக்கு. மஞ்சள், ஏதாவது வேண்டிக்கொண்டவர்களுக்கு. ஒருவர் ரப்பர் பேண்ட் மட்டும் போட்டிருந்தார். பரோட்டா மாஸ்டர்; பார்சல் கட்டுவதற்காக வைத்திருக்கிறார். அவரையும் சேர்த்துக்கொண்டேன்.

இந்த ஆய்வை ‘மணிக்கட்டு நிலவரம்’ என்ற தலைப்பில் சிதம்பரத்தில் எங்கள் கல்லூரிச் சுவரேட்டில் வெளியிட்டேன். சுவரேட்டின் பெயர் ‘கடைசி பெஞ்சு’. ஆசிரியர் நான், நிருபர் நான், வாசகர்கள் கேன்டீன் வரிசையில் நிற்கிறவர்கள். என் பெயர் ஹரிஷ், பி.எஸ்ஸி. கணிதம் மூன்றாம் ஆண்டு. புள்ளியியல் தாளில் எனக்கு மூன்று முறை அரியர் விழுந்தது உண்மைதான். நாலாவது முறை, பிப்ரவரியில் ரிசல்ட் வந்தபோது, யாருடைய உதவியும் இல்லாமல் சொந்தமாகப் படித்துப் பாஸ் செய்திருந்தேன். அரியருக்கும் ஆய்வின் நம்பகத்தன்மைக்கும் சம்பந்தம் இல்லை.

அந்தக் கட்டுரையில் ‘ஒரே கையில் மூன்று துறைகளின் சேவையைப் பெற்றுவரும் பயனாளி’ என்று ஒருவர் வருவார். அவர் என் தாய்மாமா மணவாளன். கடலூர் துறைமுகத்தில் விசைப்படகு டிரைவர். கட்டுரையைப் பார்த்தால் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ சுவரேட்டின் போட்டோவை டீக்கடையில் ஒருவரை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மாப்ள என்னைப் பத்தி ஆராய்ச்சி பண்ணியிருக்கான் என்று கடையில் இருந்த எல்லோருக்கும் டீ சொல்லியிருக்கிறார். கிண்டல் செய்யப்பட்டவர் டீ வாங்கிக் கொடுத்தால் கிண்டல் செய்தவன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

மாமாவுக்கும் ஒரு துறை உண்டு. இதயத்துக்குப் போகிற வழி.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஆஞ்சியோ எடுத்தார்கள். இதயத்தின் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க, நூல் மாதிரி ஒரு குழாயை உடம்புக்குள் அனுப்பிப் படம் எடுப்பது. அதைத் தொடை இடுக்கு வழியாகவும் விடலாம், மணிக்கட்டு வழியாகவும் விடலாம். மாமாவுக்குத் தொடை வழி. அன்றைக்கு மாத்திரையே போதும் என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து தொடை வழிதான் வழி என்பது அவர் கொள்கையாகிவிட்டது. “அது ஈசிஆர் ரோடு மாதிரி மாப்ள. அகலம், நேரா போவும். மணிக்கட்டுன்றது சந்து. சந்துல பூந்து எவனாவது கடலுக்குப் போவானா?”

போன வருஷம் என் அப்பாவுக்கு நெஞ்சு படபடப்பு வந்து, மணிக்கட்டு வழியாகப் பார்த்தார்கள். ஊசி போட்ட இடத்தில் ரத்தம் நிற்பதற்காகக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பட்டையைக் கையில் கட்டி, அதில் காற்றடைத்து, கொஞ்ச நேரத்தில் உட்காரவைத்து இட்லி கொடுத்தார்கள். பார்க்க வந்த மாமா அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “என்னா மச்சான், வளையல் போட்டு உட்டுட்டாங்களா” என்று கேட்டார். அதற்குப் பிறகு ஊரில் அப்பாவுக்கு ஆஞ்சியோ நடந்ததாக யாரும் சொல்வதில்லை. வளைகாப்பு நடந்ததாகத்தான் சொல்கிறார்கள்.

ஈசிஆரில் தனக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் மாமா சொல்லமாட்டார். அதை அவர் மனைவி அஞ்சம்மாள் அத்தைதான் சொல்வாள். தொடையில் குழாய் விட்டு எடுத்தால், அந்த இடத்தில் மணல் மூட்டையை வைத்து ஆறு மணி நேரம் காலை அசைக்காமல் மல்லாந்து கிடக்க வேண்டும். மாமா இரண்டு மணி நேரம் கிடந்தார். அப்புறம் மணல் மூட்டையை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனார், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க. அன்றைக்கு அவர் படகு வேறொருவர் கையில் கடலுக்குப் போயிருந்தது. மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று என்று உறுதி செய்துகொண்டு திரும்புவதற்குள் உள்ளே ரத்தம் கசிந்து, தொடை முழங்கால் வரை கறுத்துப்போய், இரண்டு வாரம் படுக்கை. படகு பத்திரமாக வந்துவிட்டது.

இந்த வருஷம் வைகாசியில், மீன்பிடித் தடைக்காலத்துக்குப் படகெல்லாம் கரையில் நிற்கும்போது, எங்கள் குடியிருப்பு மாரியம்மன் கோயிலில் தீமிதி வந்தது. தீ மிதிக்கிறவர்கள் பத்து நாள் முன்னாலேயே வலது மணிக்கட்டில் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். மஞ்சள் நூல், அதில் ஒரு மஞ்சள் துண்டு. கட்டினபிறகு கவிச்சி கிடையாது, செருப்பு கிடையாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தீயில் இறங்கி ஏறுகிறவரை காப்பை அவிழ்க்கவும் கூடாது.

மாமா காப்புக் கட்டினார். எதற்கு வேண்டுதல் என்று போனில் கேட்டேன். போட் எஞ்சினுக்கு என்றார். எஞ்சினுக்கு மெக்கானிக்கைக் கூப்பிடுவதுதானே என்றேன்.

“அவனையும் கூப்புட்டிருக்கு” என்றார்.

கட்டி ஆறாவது நாள், புதன்கிழமை காலை, அத்தை போன் செய்தாள். மாமாவுக்கு இரண்டு நாளாக நெஞ்சில் அம்மிக் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருந்திருக்கிறது. சொன்னால் எல்லை தாண்ட வைத்துவிடுவார்கள் என்று சொல்லாமலே இருந்திருக்கிறார். விடிந்ததும் வியர்த்துக் கொட்டவே, குடியிருப்புக்குள்ளேயே இருக்கிற டாக்டர் இசிஜி எடுத்துப் பார்த்து, ரத்தம் இளகுவதற்கு நாலைந்து மாத்திரைகளை விழுங்கவைத்து, சிதம்பரத்தில் ஒரு இதய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆம்புலன்ஸ் புதுச்சத்திரம் தாண்டிவிட்டது என்றாள் அத்தை. அப்பா தடைக்காலத்தில் கொச்சிப் பக்கம் வேலைக்குப் போயிருந்தார். மாமாவின் ஒரே மகள் சிங்கப்பூரில். சிதம்பரத்தில் இருக்கிற ஆண்பிள்ளை என்று பார்த்தால் நான்தான்.

ஓடிப்போய்ப் பார்த்தபோது மாமா ஸ்ட்ரெச்சரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. சட்டைப் பையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கைக்குட்டை முடிச்சு துருத்திக்கொண்டிருந்தது. என்ன என்று கேட்டேன்.

“ஊர் மண்ணு. காப்பு கட்டுனவன் எல்லை தாண்டக் கூடாதில்ல? அதான் ஊர எடுத்துக்கிட்டே வந்துட்டேன். இப்ப நான் ஊருக்குள்ளதான் இருக்கேன்.”

எனக்கு வாய் சும்மா இருக்காது. அப்படியானால் ஒரு லாரி மண்ணோடு கிளம்பினால் பிச்சாவரம், வேளாங்கண்ணி எல்லாவற்றையும் நம் ஊராட்சியில் சேர்த்துவிடலாமே என்றேன். சேக்கலாம், ஆனா லாரிக்கு டீசல் ஊத்தணுமே என்றார். கைக்குட்டை ஊராட்சி, அடுத்த இதழ், முதல் பக்கம் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். அப்போது அவர் பேச்சை நிறுத்திவிட்டு நெஞ்சைத் தடவினார். குறித்ததை அழித்துவிட்டேன்.

டாக்டர் ரேகா வந்தார். நாற்பது வயது இருக்கும். பழைய ஃபைலைப் புரட்டிக்கொண்டே பேசுகிறவர். ரத்தப் பரிசோதனையில் இதயம் கஷ்டப்படுவது தெரிகிறது, இன்றைக்கே படம் எடுத்து அடைப்பு இருந்தால் கையோடு ஸ்டென்ட் வைத்துவிட வேண்டும் என்றார். முதலில் மாமாவின் இடது கையைப் பிடித்தார். அந்த மணிக்கட்டில் ஒரு பெரிய தழும்பு. இருபது வயதில் வலை இழுக்கிற வின்ச் கயிறு சுற்றி இழுத்தது. டாக்டர் விரலை வைத்து ரொம்ப நேரம் தேடிவிட்டு, இங்கே நாடியே இல்லை, கை பக்கத்துக் குழாயை நம்பித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, இதைத் தொடக் கூடாது என்றார். வலது கையில் காப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மாமாவைக் கையை மூடித் திறக்கச் சொன்னார். உள்ளங்கை வெளுத்துப்போனது. ஒரு பக்கம் மட்டும் விரலை எடுத்ததும் குபுக்கென்று சிவந்தது.

“நல்ல ஓட்டம். இதுதான் வழி” என்றார்.

மாமா தொடையில் போடச் சொன்னார். அது ஈசிஆர் என்பதையும் விளக்கினார்.

“அந்த ஈசிஆர்ல போன தடவ ஆக்சிடென்ட் ஆயிருக்கே” என்றார் டாக்டர், ஃபைலிலிருந்து கண்ணை எடுக்காமல். “ரெண்டு மணி நேரத்துல எழுந்து போனது யாரு?”

“கச்சான் காத்து டாக்டர்.”

“இன்னிக்கு மாத்திரை வேற ஜாஸ்தி உள்ள போயிருக்கு. தொடையில கசிஞ்சா லேசுல நிக்காது. படுக்கச் சொன்னா நீங்க படுக்கிற ஆளும் இல்ல. உட்கார வெச்சே உங்களைப் பாத்துக்கிற வழிதான் உங்களுக்குச் சரி.”

ஆஞ்சியோ எடுக்கிற கேத் லேபின் டெக்னீஷியன் இலக்கியா கத்தரிக்கோலோடு வந்தாள். குழாய் நுழைய வேண்டிய இடத்தில்தான், சரியாக, மஞ்சள் துண்டு உட்கார்ந்திருந்தது. மாமா வலது கையை எடுத்து இடது அக்குளுக்குள் வைத்துக்கொண்டார். இலக்கியாவுக்கு என் வயதுதான் இருக்கும். இப்படி நிறையப் பேரைப் பார்த்திருப்பாள் போல. அறுக்க வேண்டாம், மேலே தள்ளிப் பார்ப்போம் என்று கையைக் கேட்டாள். இரண்டு விரற்கடை போனது, அதற்கு மேல் போகவில்லை. முப்பது வருஷம் நங்கூரக் கயிறு இழுத்த முன்கை அது. எப்படியும் முழங்கை வரை மருந்து பூச வேண்டும், அதற்குள் எதுவும் இருக்கக் கூடாது என்றாள். இடது கைக்கு மாற்றிக் கட்டினால் என்ன என்று நான் ஒரு யோசனை சொன்னேன். மாமாவும் அத்தையும் என்னைப் பார்த்தார்கள். நான் என் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். “மயக்கத்துல கொண்டுவந்திருந்தா நானே வெட்டியிருப்பேன். யாரையும் கேட்டிருக்க மாட்டேன். ஆனா நினைவோட இருக்கிற மனுஷன் வேணாங்கிறாரு. கையெழுத்தும் அவருதான் போடணும். இப்ப உள்ள ஒரு கேஸ் போவுது. முக்கால் மணி நேரம் ஆவும். அதுக்குள்ள சம்மதிக்க வைங்க.”

தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“குழாய் எப்ப முழுசா மூடும்னு எனக்குத் தெரியாது. இன்னிக்குச் சாயந்தரமா, அடுத்த வாரமா, சொல்ல முடியாது. மூடிட்டா அவர் போட் ஓட்டுறதப் பத்தி நாம பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்.”

உள்ளே போய் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். என் வாழ்க்கையிலேயே நன்றாகப் பேசியது அன்றைக்குத்தான். நூல் என்பது பஞ்சு, மஞ்சள் என்பது கிழங்கு, ரத்தக் குழாய் என்பது ரத்தக் குழாய் என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் இடைவிடாமல் எடுத்துச் சொன்னேன். மாமா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் கண்ணைத் திறந்து அத்தையிடம், “என்னா தெளிவா பேசுறான் பாத்தியா” என்றார். பிறகு என்னிடம், அறுத்தால் அறுத்ததுதான், அதோடு தீக்குள் இறங்க முடியாது, வாயால் சொன்ன சொல் பாதியில் நிற்கும், தொடையிலேயே போடச் சொல்லு என்றார்.

அவருக்குச் சம்மதம் இல்லை என்பதைவிட, அவர் என் பேச்சை ரசித்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அத்தைதான் பூசாரிக்குப் போன் போட்டாள். எங்கள் பூசாரி இளவரசு ஐஸ் கம்பெனியும் வைத்திருக்கிறார். ஸ்பீக்கரில் போட்டதும் பின்னால் ஐஸ் உடைக்கிற சத்தம் வந்தது. நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, நெஞ்சுவலிக்காரன் எல்லை தாண்டியதற்கெல்லாம் ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று முதலில் சொன்னார். மண் கொண்டுபோனது கூடுதல் நல்லது. ஆனால் காப்பில் இரும்பு படக் கூடாது.

“அறுக்காதீங்க. அவுத்துக் கீழயும் வெக்கக் கூடாது. வலது கையிலேர்ந்து இன்னொரு ஆளோட வலது கைக்கு மாத்தலாம். மாத்திக் கட்டுறவரு மிச்ச நாளு விரதம் இருந்து தீயில எறங்கிடணும்.”

நான் கட்டிக்கிறேன் என்றாள் அத்தை உடனே.

“பொண்டாட்டி கணக்குல வராது அஞ்சம்மா. ஒண்ணு வேண்டிக்கிட்டவரு, இல்லன்னா யாருக்காக வேண்டிக்கிட்டதோ அவுங்க. மூணாவது கைக்குப் போவக் கூடாது.”

இந்தச் சட்டச் சிக்கலை உடனே கவனித்தவன் நான்தான். எஞ்சினுக்கு எப்படிக் காப்புக் கட்டுவது என்று கேட்டேன்.

“எந்த எஞ்சினு?” என்றார் பூசாரி.

மாமா சீலிங் ஃபேனைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை மாமாவைப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“எஞ்சினும் இல்ல ஒண்ணும் இல்ல” என்றாள். “ஒனக்குத்தாண்டா. அந்தக் கணக்குப் பரிச்ச.”

மாமா ஃபேனிடமே பேசினார். “மூணு தடவ ஊத்திக்கிச்சுல்ல. நாலாவது தடவ நீ படிச்சுதான் பாஸ் பண்ண, அது எனக்குத் தெரியும். இது சும்மா, ஒரு சப்போர்ட்டுக்கு.”

நாலாவது முறை தேர்வு எழுதப் போன காலையில் மாமா போன் செய்திருந்தார். கடல் எப்படி இருக்கிறது, எத்தனை பெட்டி வஞ்சிரம் வந்தது, வலையில் எங்கே கிழிசல் என்று கால் மணி நேரம் பேசிவிட்டு, தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் வைத்துவிட்டார். எதற்குக் கூப்பிட்டார் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. ஹாலுக்குள் போனபோது வஞ்சிரத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

நான் வாயைத் திறக்கும் முன்பே மாமா பூசாரியிடம் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். “அவன் கட்ட மாட்டான் இளவரசு. அவனுக்கு இதெல்லாம் ஒத்துக்காது. பேப்பர்ல எழுதி ஒட்டியிருக்கான், காலேஜே படிச்சிருக்குது. நாளைக்கு இவனே கட்டிக்கிட்டுப் போனா நாலு பேரு கேக்க மாட்டான்?” என்னிடம் திரும்பினார். “நீ போயி டாக்டரம்மாகிட்ட சொல்லு. தொடையிலயே போடட்டும். இந்தத் தடவ எழுந்துக்க மாட்டேன். காத்து எந்தப் பக்கம் அடிச்சா எனக்கென்னா.”

கேன்டீன் வரிசையில் நிற்கிற நாற்பது பேர் என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்பதற்காக ஒரு மனிதர் தன் தொடையை, அதற்கு மேலும் சிலவற்றை, பணயம் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். அந்த நாற்பது பேரில் பாதிப் பேர் கட்டுரையைப் படிக்கவே இல்லை, பின்னாலிருந்து தள்ளியதால் அங்கே நின்றவர்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளலாமா என்று போனைப் பார்த்துக் கேட்டேன்.

“தாராளமா” என்றார் பூசாரி. “ஆத்தாவுக்குத் தெரிஞ்சாப் போதும். ஊருக்கு எதுக்கு?”

என் வலது கையை மாமாவின் கைக்குப் பக்கத்தில் மெத்தையில் வைத்தேன். அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். வேறு யாருடையதோ என்பது போலப் பார்த்தார்.

முடிச்சை அத்தையால் அவிழ்க்க முடியவில்லை. நூல் வழுக்குகிறது என்று மாமா இடையில் ஒருநாள் தானே இறுக்கிப் போட்டிருக்கிறார். அது வலைக்குப் போடுகிற முடிச்சு. போட்டவரே இடது கையாலும் பல்லாலும் அவிழ்க்க வேண்டியதாயிற்று. இலக்கியா கத்தரிக்கோலைப் பையில் போட்டுவிட்டு, ஒரு ஸ்டீல் தட்டை எடுத்துவந்து எங்கள் இரண்டு கைக்கும் கீழே பிடித்துக்கொண்டாள். ஏன் என்று பார்த்தேன்.

“கீழ விழக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல” என்றாள். அவள் மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு இருந்தது. அதன் மேல் சுத்தமாகப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தாள்.

மாமாவுக்கு ஒரு சுற்று சரியாக இருந்த நூல் எனக்கு இரண்டு சுற்று வந்தது. கட்டி முடித்து, மஞ்சள் துண்டை மேல் பக்கமாகத் திருப்பிவிட்டு, வலிக்குதா என்று கேட்டார். நெஞ்சுவலிக்காரர் என்னைக் கேட்டார். பிறகு டாக்டர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார். என் கட்டுரைக்கு அவர் கேட்காத சந்தேகத்தை எல்லாம் டாக்டரிடம் கேட்டார். சந்து குறுகலா, வளைவு இருக்கா, உள்ளே போனது திரும்பி வருமா.

ஐம்பது நிமிஷம் ஆனது. அத்தை சுவரில் சாய்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தாள். நான் செருப்பைக் கழற்றிப் பெஞ்சுக்குக் கீழே தள்ளிவிட்டேன். தரை சில்லென்று இருந்தது என்பதால்தான், வேறு காரணம் இல்லை.

டாக்டர் வெளியே வந்து, ஒரு குழாயில் தொண்ணூறு சதவீதம் அடைத்திருந்தது, ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது, ஓட்டம் நன்றாக இருக்கிறது என்றார். இந்த வருஷம் தீ, வெயில், போட் எதுவும் கிடையாது, அடுத்த வருஷம் பேசிக்கொள்ளலாம். அத்தை கும்பிட்டாள். டாக்டர், சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்த என் மணிக்கட்டைப் பார்த்தார். அடுத்த கேஸைப் பார்க்கப் போனார்.

மாமாவை வார்டுக்குக் கொண்டுவந்தபோது முகத்தில் பழைய கறுப்பு திரும்பியிருந்தது. வலது மணிக்கட்டில், காப்பு இருந்த அதே இடத்தில், அப்பா போட்டிருந்த அதே கண்ணாடிப் பட்டை. இலக்கியா அவ்வப்போது வந்து சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கிவிட்டுப் போனாள். ஒவ்வொரு முறையும் மாமா மிகுந்த கவனத்தோடு வேடிக்கை பார்த்தார்.

“இத எப்பக் கழட்டுவாங்கன்னு கேளு” என்றார்.

சாயந்தரம் என்று சொன்னேன்.

“மச்சான்கிட்ட போன்ல எதுவும் சொல்லாத.”

அவர் கேட்காமலே நான் ஜன்னலுக்குப் போய்க் காற்றைப் பார்த்தேன். எதிரே மொட்டைமாடியில் காய்ந்த புடவைகள் எல்லாம் கிழக்கே பார்த்துப் பறந்தன. கச்சான் என்றேன். சரிதானா என்று எனக்குத் தெரியாது. நான் கணிதம். மாமா தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. எழுந்திருக்கவில்லை.

இலக்கியா எனக்கு ஒரு முட்டை பஃப்ஸ் வாங்கிவந்தாள். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை என்றேன். அவள் என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, ஆமாம்ல, விரதம் என்று சொல்லித் தானே சாப்பிட ஆரம்பித்தாள். ‘கடைசி பெஞ்சு’ எழுதுறது நீங்கதானா என்று அப்புறம் கேட்டாள். இல்லை என்றேன்.

பூசாரி மறுபடி போன் செய்தார். காப்பு வெளியூரில் மாறியிருக்கிறது, கட்டினவன் விளக்கு வைக்கிற நேரத்துக்குள் ஊருக்குள் வந்துவிடுவது நல்லது, தீமிதிக்கிற ஞாயிற்றுக்கிழமை வரை அங்கேயே இருந்துவிடு என்றார். அத்தைக்குத் துணையாக என் அம்மா கிளம்பி வந்துகொண்டிருந்தாள். வந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு, சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். வராந்தா முனை வரை போய்விட்டேன். செருப்பு பெஞ்சுக்குக் கீழேயே கிடந்தது.

அங்கிருந்து திரும்பி வந்தேன். மாமா தூங்கிக்கொண்டிருந்தார். அத்தையும் அம்மாவும் ஜன்னல் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் அழுது முடித்துக்கொண்டிருந்தார்கள். கட்டிலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பையில் மாமாவின் சட்டை மடித்து வைத்திருந்தது. சார்ஜர் தேடுகிற மாதிரி அதற்குள் கையை விட்டேன். கைக்குட்டை முடிச்சு தட்டுப்பட்டது. எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கடலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஒரு தூக்கு தூக்கிப் போட்டது. சட்டைப் பையில் கையை வைத்துப் பார்த்தேன். முடிச்சு அவிழவில்லை. ஆனாலும் எடுக்காமல் கையை அங்கேயே வைத்துக்கொண்டேன், ஊர் வருகிறவரை.